அம்மம்மாவை ‘அம்மா’ என்கிறான்

வணக்கம் அக்கா,

எனக்கு 29 வயது. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது முடிந்த கையோடு வீட்டு வேலைக்காகக் குவைத் போனேன். கடன், வேறு வழி இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போன மாதம் திரும்பி வந்தேன். என் அம்மாதான் அவனை வளர்த்தார். அவரைத்தான் ‘அம்மா’ என்கிறான். என்னைக் கண்டு அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கொண்டுவந்த ரிமோட் காரை வாங்கிக்கொண்டு அம்மம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வட்ஸ்அப்பில் தினமும் கதைத்த பிள்ளை அக்கா!

முன்பள்ளியிலும் தனியாகத்தான் விளையாடுகிறானாம். சின்ன வயதில் தாயைப் பிரிந்த பிள்ளை பிறகு யாரோடும் ஒட்டாது என்று எங்கோ வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. அம்மம்மாவை விட்டுப் பிரித்து டவுனில் வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனால் சரியாகிவிடுவான் என்கிறார் கணவர். போகலாமா?

அன்புத் தங்கைக்கு,

முதலில் வீட்டு விஷயம். இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வயதில் ஓர் அம்மாவைத் தொலைத்த பிள்ளை, நான்கு வயதில் இன்னோர் அம்மாவையும் தொலைப்பான்.

அவன் அழாததுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. 1950 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் போல்பி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்து நாட்கணக்கில் கிடந்த குழந்தைகளைக் கவனித்தார்கள். முதலில் கத்தி அழுவார்கள், பிறகு சோர்ந்துபோவார்கள், கடைசியில் தாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல இருப்பார்கள். ‘பிள்ளை பழகிவிட்டது’ என்று பெரியவர்கள் நிம்மதியடைந்தார்கள். பழகவில்லை. பிற்காலத்தில், திரும்பி வந்த தாயைப் பாராமல் பொம்மையோடு இருந்த ஒரு வயதுக் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, முகம் அமைதியாக இருக்க, நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. கார் வாங்கிய உங்கள் மகனும் அப்படி நின்றிருக்கலாம்.

அம்மம்மாவோடு போட்டி வேண்டாம். 1954-55இல் உகாண்டாக் கிராமங்களில் குழந்தைகளைப் பார்த்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த், அவர்கள் தாயோடு மட்டுமல்லாமல் வீட்டிலிருந்த வேறு ஆட்களோடும் ஒட்டியிருந்ததைக் கண்டார். உங்கள் மகனுக்கும் ஓடிப்போய் ஒளிய ஒரு முந்தானை இருந்திருக்கிறது. அது பெரிய விஷயம்.

‘யாரோடும் ஒட்டாது’ என்பது மிகை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970களில் தொடங்கிய ஆய்வு, பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. குழந்தையில் பாதுகாப்பாக உணர்ந்தவர்கள் பின்னாளில் நண்பர்களோடு எளிதாகப் பழகினார்கள், உண்மைதான். ஆனால் வீட்டுநிலை மாறியபோது பிள்ளைகளின் போக்கும் மாறியது. முன்பள்ளி விஷயத்தை இரண்டு மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

அம்மம்மா அருகிலிருக்க, குளிப்பாட்டுவதோ சோறு தீத்துவதோ, ஏதாவது ஒன்றைத் தினமும் அதே நேரத்தில் நீங்கள் செய்யுங்கள். ‘நான்தான் அம்மா’ என்று திருத்தாதீர்கள். பின்னேரத்தில் மூவருமாகக் கோட்டைப் பக்கம் மான் பார்க்கப் போங்கள். முகத்துக்கு முகம் இருப்பதைவிட, சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது அவனுக்குச் சுகம். கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். குவைத் போன அன்று அவன் தூங்கும்போதே கிளம்பினீர்களா? எங்கள் ஊரில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படியென்றால் ஒருநாள் அதை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

அப்புறம், திடீரென்று உங்களை அடிப்பான், போகவிடாமல் காலைக் கட்டிக்கொண்டு கத்துவான். பயப்படாதீர்கள். அந்த அழுகைக்கு இரண்டு வருடம் வயது. அது முடியும்வரை தூக்கி வைத்திருங்கள்.