அடைத்ததும் அடைத்த விதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் 2020 மார்ச் ஊரடங்கைத் ‘தவிர்க்க முடியாதது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. நான் சுன்னாகத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவன். அந்த மாதம் கோவாவும் பீற்றூட்டும் தோட்டத்திலேயே அழுகினதைக் கண்ணால் பார்த்தவன். சுவீடன் நாட்டை அடைக்கவே இல்லை, அங்கே ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்கிறார்கள். ஊரடங்கால் இறப்பு 0.2 வீதம்தான் குறைந்தது என்று பொருளியலாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். இங்கேயும் 2021 இல் சனம் செத்துத்தானே போனது? பிறகு எங்களை அடைத்து வைத்து என்ன கண்டோம்? இன்னொரு தொற்று வந்தால் மறுபடியும் அடைக்கச் சொல்வீர்களா?

ம., சுன்னாகம்

அன்பின் ம.,

அடைத்ததால் பலன் இருந்ததா என்று கேட்கிறீர்கள். அடைத்தது நியாயமா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

முதலில் அந்த 0.2. 2022 ஜனவரியில் மூன்று பொருளியலாளர்கள், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு அது. 2020 இன் முதல் அலையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்ததை வைத்துப் போட்ட கணக்கு. அதிலே ‘ஊரடங்கு’ என்றால் என்னவென்று பாருங்கள். அரசு கட்டாயமாக்கிய ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருந்தாலே போதும். முகக்கவசம் கட்டாயம் என்பதையும், மாதக்கணக்கில் வீட்டுக் கேற்றைத் தாண்ட விடாததையும் ஒரே தராசில் போட்டால் வருகிற எண்ணை வைத்து சுன்னாகத்தைப் பற்றிப் பேச முடியாது. மறுபக்கத்தில், 11 ஐரோப்பிய நாடுகளில் 30 இலட்சம் உயிர்கள் தப்பின என்று 2020 ஜூனில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர் போட்ட கணக்கையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. சனம் தானாகப் பயந்து ஒதுங்கியதையும் சேர்த்து ஊரடங்கின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்தப் பயம் சின்ன விஷயமல்ல. உங்கள் பக்க வாதத்துக்கு நானே ஒன்று எடுத்துத் தருகிறேன். அமெரிக்காவில் கைத்தொலைபேசித் தரவை வைத்துப் பார்த்தபோது கடைகளுக்குப் போவது 60 வீதம் குறைந்திருந்தது. அதில் அரச உத்தரவால் குறைந்தது 7 வீதப் புள்ளிகள் மட்டுமே. மிச்சமெல்லாம் உத்தரவு இல்லாமலே வீட்டில் இருந்தவர்கள். ஆனால் பயந்து வீட்டில் இருக்க ஒருவரிடம் வசதி இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் பயப்படலாம். அன்றன்றைக்கு உழைத்துச் சாப்பிடுகிற மேசனும் குருநகரில் வள்ளத்துக்குக் கூலிக்குப் போகிறவரும் காய்ச்சலோடும் வேலைக்குத்தான் போவார்கள்.

சுவீடனின் கதையும் இங்கேதான் வருகிறது. அடைக்கவே இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. 50 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது, பல்கலைக்கழகங்களும் மேல் வகுப்புகளும் வீட்டுக்குப் போயின. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பள்ளிக்கூடங்களை மட்டும் திறந்தே வைத்தார்கள், அதில் எனக்கு அவர்கள் மேல் பொறாமைதான். 2020 இல் பக்கத்து நோர்வேயையும் பின்லாந்தையும் விடப் பல மடங்கு இறப்பு, முதியோர் இல்லங்களில் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் வழமையை விடக் கூடுதலான இறப்பு ஐரோப்பாவிலேயே குறைந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. இரண்டும் உண்மை. அவர்களுடைய விசாரணைக் குழுவே 2022 இல், நாட்டை அடைக்காதது சரி, தொடக்கத்தில் இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்று இரண்டையும் சொன்னது. அதோடு அங்கே காய்ச்சல் என்று வீட்டில் நின்றால் முதல் நாளிலிருந்தே நோய்ப்படி கிடைத்தது. அதையும் சேர்த்து இறக்குமதி செய்வதானால் நானும் சுவீடன் கட்சிதான்.

அப்போதைய யாழ்ப்பாணத்துக்கு வருவோம். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் மார்ச் 15 ஆம் திகதி அரியாலையில் ஆராதனை நடத்தினார். மார்ச் 20 வெள்ளி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. 22 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர். அப்போது தடுப்பூசி இல்லை, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. யாழ். போதனா வைத்தியசாலைக்குத்தான் வடக்கு முழுவதும் ஓடி வரும். அந்த நேரத்தில் அடைத்தது பலன் தந்தது, சந்தேகமில்லை. தொற்று பெரும்பாலும் அந்த ஆராதனையோடு தொடர்புபட்டவர்களுக்குள்ளேயே நின்றது. ஜூன் முடிவில் நாடு முழுவதற்கும் இறப்பு 11.

ஆனால் ஊரடங்கு அடகு வைத்து எடுக்கிற காசு மாதிரி. கையில் அவகாசம் வரும், வட்டியும் ஓடும். எடுத்ததை என்ன செய்தோம் என்பதுதான் கணக்கு. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் உருப்படியாகவே செய்தார்கள். மருத்துவ பீடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் பீ.சீ.ஆர். பரிசோதனை தொடங்கியது. கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் கோப்பாய் கல்வியியற் கல்லூரி சிகிச்சை நிலையமானது. கொழும்பு அரசின் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி ஆற்றில் மந்திரித்த முட்டி போட்டார். அப்புறம், கொவிட்டுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியைக் குடித்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நீங்கள் அழுகவிட்ட கோவாவால் வாங்கிய மாதங்களில் ஒரு பகுதி இப்படித்தான் செலவானது.

2021 இல் செத்துத்தானே போனது என்று கேட்டீர்கள். அதை ஊரடங்கின் தோல்வி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, அது பிந்திய ஊரடங்கு. கொவிட்டின் டெல்டா திரிபு ஜூலையிலேயே பரவத் தொடங்கிவிட்டது. வைத்தியர் சங்கங்கள் கெஞ்சின, மகாநாயக்கர்களும் கேட்டார்கள். ஓகஸ்ட் 20 வரைக்கும் இழுத்தடித்தார்கள். அன்றிலிருந்து ஒக்டோபர் 1 வரைக்கும் இறந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். தொற்றி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகே ஆள் இறப்பதால், செப்டெம்பர் தொடக்கம் வரைக்கும் போனவர்களில் பெரும்பாலானோர் அடைக்க முன்னமே தொற்றியவர்கள். நல்லூர்த் திருவிழா மட்டுப்படுத்திய ஆட்களோடு நடந்த நாட்கள் அவை. கோம்பயன் மணல் மின்தகன மேடை ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. இத்தனைக்கும் அந்த ஊரடங்கில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின.

அடைத்தாலே போதும் என்பவர்களுக்கு நான் பெருவைக் காட்டுவேன். 2020 மார்ச் நடுப்பகுதியிலேயே, தென்னமெரிக்காவில் மிக முந்தியும் மிகக் கடுமையாகவும் அடைத்த நாடுகளில் ஒன்று. 2021 மே முடிவில் இறப்புக் கணக்கைத் திருத்தியபோது 69,000 என்றிருந்தது 180,000 ஐத் தாண்டியது. சனத்தொகைக்கு அதுதான் உலகிலேயே மிக மோசம். ஏன்? ஏழை வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகவே அடிக்கடி சந்தைக்குப் போக வேண்டும். உதவிப் பணத்துக்கு வங்கி வாசலில் வரிசை. வீதியில் ஆளில்லை, சந்தையில் நெருக்கம். இது எங்களுக்குப் புதிதா? 2020 மார்ச் 24 காலை 6 முதல் பிற்பகல் 2 மணி வரை தளர்த்தினார்களே, அன்று எங்கள் சந்தி மருந்துக்கடையில் முன்னால் நின்றவரின் வியர்வை என் சேட்டில் ஒட்டியது. இன்சுலின் வாங்க வந்த அம்மா ஒருவர் குளிர்பெட்டிக்குப் பதிலாகச் அடுக்குச் சாப்பாட்டுக் கரியருக்குள் ஐஸ் கட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாட்கணக்காக அடைபட்டிருந்த சனத்தை எட்டு மணித்தியாலத்துக்குள் பிடித்துத் திணித்தால் வேறென்ன நடக்கும்? அந்த டிசம்பரில் மருதனார்மடம் சந்தையிலிருந்து ஒரேயடியாகப் பலருக்குத் தொற்றிய கொத்தணி வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி நியாயம். இதில் நான் உங்களோடுதான் நிற்கிறேன், உங்களை விடக் கோபமாகவும். 2020 மார்ச் 2 ஆம் திகதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள், புதியது கூடியது ஓகஸ்ட் 20. இடையில் நாட்டையே வீட்டுக்குள் அடைத்தபோது ஏனென்று கேட்க ஒரு சபை இல்லை. இந்த ஊரடங்குக்குச் சட்ட அடிப்படை என்ன என்று சுமந்திரன் உட்படப் பல சட்டத்தரணிகள் கேட்டார்கள். கையில் இருந்ததோ 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். நோய்த்தடுப்புச் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. மே முடிவதற்குள் ஊரடங்கை மீறியதாகக் கைதானவர்கள் 60,000 க்கு மேல். பொது சுகாதார பரிசோதகர் வந்து கேற்றில் அறிவித்தல் ஒட்டுவதற்கும் துவக்கோடு நான்கு பேர் வந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் கொழும்பில் இருக்கிறவருக்கு விளங்காமல் போகலாம், எங்களுக்கு விளங்கும். எல்லாவற்றிலும் கேவலமானது முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தது. புதைத்தால் தண்ணீர் வழியாகப் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரி வரை விடவில்லை. அதற்கும் கொவிட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மறுபடியும் அடைக்கச் சொல்வீர்களா என்று கேட்டீர்கள். என்னவென்று தெரியாத நோய் வந்து, வைத்தியசாலை தாங்காது என்று வைத்தியர்கள் சொன்னால், சொல்வேன். ஆரம்பத்திலேயே, குறுகிய காலத்துக்கு, ஊரடங்கை எடுக்கிற திகதியையும் சேர்த்து அறிவித்து. நாடாளுமன்றம் கூடி அனுமதிக்க வேண்டும். கேற்றைப் பூட்ட முன்னம் காசு வீட்டுக்கு வர வேண்டும். 5,000 ரூபாவை ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கென்று கொடுத்ததெல்லாம் பகிடி. பள்ளிக்கூடத்தைக் கடைசியாகப் பூட்டி முதலாவதாகத் திறக்க வேண்டும். சந்தையைப் பூட்டவே கூடாது. சுன்னாகம் சந்தையை நான்கு மைதானங்களுக்குப் பிரித்து, வெட்டவெளியில், கிழமை முழுக்க நடத்தலாம். எந்த மைதானம், எத்தனை லொறி, யாருக்கு எந்த நேரம் என்பதைப் பிரதேச செயலகம் உங்களைப் போன்ற வியாபாரிகளோடு இருந்து இப்போதே எழுதி வைக்கலாம். உங்கள் சங்கத்தில் இதை எடுத்துப் பேசிப் பாருங்கள்.

அன்புடன்.