லித்தியமும் சிறுநீரகமும்: சிறுநீரக மருத்துவர் பதில்கள்

இருமுனை மனநலக் கோளாறுக்காகப் பல ஆண்டுகள் லித்தியம் சாப்பிடுபவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

என் தம்பி 18 ஆண்டுகளாக லித்தியம் எடுக்கிறான். இப்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் இரத்த அளவு) 1.4. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்குங்கள். ஐந்து ஆண்டுகளாக 1.4-லேயே நிற்கிறதென்றால் அவ்வளவு பதற்றம் வேண்டாம். இரண்டு ஆண்டுகளில் 0.9-லிருந்து ஏறியிருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

லித்தியத்தால் சிறுநீரக நுண்குழாய்களைச் சுற்றியுள்ள திசு மெல்லத் தழும்பேறும். அது வெளியே தெரிய பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். டயாலிசிஸ் வரை போகிறவர்கள் மிகச் சிலரே. திடீரென நிறுத்தினாலோ, நோய் சில வாரங்களிலேயே முழு வேகத்தில் திரும்பலாம். தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதற்காக முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் முடியாது. பாதிப்பு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், மருந்தை நிறுத்திய பிறகும் அது தொடரக்கூடும். மனநல மருத்துவரும் நாங்களும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. நடப்பில் நோயாளிதான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் இடையே அலைகிறார். எங்கள் தரப்புக் குறைதான்.

அம்மா இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஓயாத தாகம். சர்க்கரை நோய் இல்லை. தண்ணீரைக் குறைக்கச் சொல்லலாமா?

கூடவே கூடாது. அதிகம் குடிப்பதால் அதிகம் போகவில்லை. அதிகம் போவதால்தான் தாகம். உப்பிலுள்ள சோடியம் நுழையும் வாசல் வழியாக லித்தியமும் சிறுநீரகச் செல்லுக்குள் புகுந்து, தண்ணீரை உடலுக்குத் திருப்பி அனுப்பும் அக்வாபோரின் என்ற புரதத்தைக் குறைத்துவிடுகிறது. அந்த வாசலை அடைக்கும் அமிலோரைடு என்ற மாத்திரை பலருக்கு உதவும். பொட்டாசியம் ஏறாமல் கண்காணிக்க வேண்டும். எப்போதாவது அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், இந்தத் தாகத்தைப் பற்றி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே இரத்தத்தில் சோடியம் ஆபத்தாக ஏறிவிடும்.

எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு. உப்பை அறவே நிறுத்தி, டெல்மிசார்டன் தொடங்கியிருக்கிறேன். சரிதானே?

இரண்டுமே லித்தியம் அளவை ஏற்றும். உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைக் கஞ்சனைப் போல இறுக்கிப் பிடிக்கும். சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே பிடித்துவைக்கும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மனநோய்க்கு லித்தியம் பயன்படுவதை வெளியிட்டது 1949-ல். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்பு குறைத்துச் சாப்பிட்ட இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். சிலர் இறந்த பிறகே அதைக் கடைகளிலிருந்து அகற்றினார்கள்.

ஊறுகாய், அப்பளத்தைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் உப்பின் அளவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். டெல்மிசார்டனை எழுதிய மருத்துவரிடம் லித்தியத்தைப் பற்றிச் சொல்லி, இந்த வாரமே இரத்தத்தில் லித்தியம் அளவைப் பாருங்கள். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக் போடலாமா?

வேண்டாம். இபுப்ரோபெனும் வேண்டாம். பாரசிட்டமால் போதும்.

லித்தியம் அளவுக்கான இரத்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது?

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நீண்ட காலம் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

திருவண்ணாமலைக் கிரிவலம் போக ஆசை. போகலாமா?

தாராளமாக. 14 கிலோமீட்டரையும் வெயில் தாழ்ந்த பிறகு நடங்கள். வியர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரோடு உப்பிட்ட மோரும் குடியுங்கள். பட்டினி விரதம் வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் போனில் கேளுங்கள். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் போன் செய்து காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.