முடிவுறாத கோயில்களின் சாட்சியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழங்காலக் கோயில்களின் கட்டுமானம் பற்றிய காணொளிகளைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். எல்லோரா கைலாசநாதர் கோயிலில் லட்சக்கணக்கான டன் பாறையை 18 ஆண்டுகளில் உளியால் அகற்றியிருக்க முடியாது என்றும், தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை ஏற்றிய முறை இன்றைய பொறியியலுக்கே விளங்காதது என்றும், ஹொய்சாளத் தூண்களின் வழவழப்பு இயந்திரமின்றிச் சாத்தியமில்லை என்றும் அவை சொல்கின்றன. நம் முன்னோர்களிடம் இன்று தொலைந்துபோன ஒரு விஞ்ஞானம் இருந்தது என்று நம்பவே மனம் விரும்புகிறது. இவற்றில் எவ்வளவு உண்மை? அந்த நுட்பங்களை ஏன் நூலாக எழுதிவைக்கவில்லை? அப்படி ஒன்றை இன்று நம்மால் கட்ட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்டி முடித்த கோயில், தான் கட்டப்பட்ட விதத்தை மறைத்துவிடும். சாரம் பிரிக்கப்படுகிறது, கல்லேற்றப் போட்ட மண்மேடு அகற்றப்படுகிறது, உளித்தடங்கள் தேய்த்து மெருகிடப்படுகின்றன. ஆகவே கட்டுமான முறையை அறிய விரும்புபவர் முதலில் செல்ல வேண்டியது பாதியில் நின்றுபோன கோயில்களுக்கு. காணொளிகள் அங்கே செல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கழுகுமலை வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலைச்சரிவை அகழ்ந்து, நடுவே விடப்பட்ட பாறையில் விமானத்தை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரம் நிறைவுற்றிருக்கிறது, அதன் கீழே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி நிறைவுற்றிருக்கிறார், இன்னும் கீழே இறங்கினால் உருவம் மெல்ல மெல்லப் பாறைக்குள் கரைந்து, அடித்தளம் வெட்டப்படாத மலையாகவே நிற்கிறது. மாமல்லபுரத்தின் முடிவுறாத குகைகளில் அதற்கும் முந்தைய கட்டத்தைக் காணலாம். பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களின் ஓரங்களில் ஆழமான பள்ளம் வெட்டி, நடுவில் புடைத்து நிற்கும் கல்லைத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். எல்லோராவைப் பற்றிய கணக்கு தவறுவது இங்கேதான். அகற்றிய பாறை முழுவதையும் உளியால் பொடியாக்கினார்கள் என்று எண்ணிக்கொண்டு பெருக்கினால் எந்த மனித உழைப்பும் போதாது. சுற்றிலும் வெட்டிவிட்டுக் கட்டிகளாகப் பெயர்த்தெடுக்கும்போது உளிபட வேண்டிய கல்லின் அளவு மிகவும் குறைந்துவிடுகிறது. மேலிருந்து இறங்கி வருவதால் சாரமும் தேவைப்படுவதில்லை. சிற்பிகள் நிற்பதற்கு வெட்டப்படாத பாறையே தளமாகிறது. 18 ஆண்டுகள் என்பதும் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணனின் ஆட்சிக்காலத்தை அப்படியே கட்டுமானக் காலமாகக் கொண்டதால் வந்த எண். கலை வரலாற்று அறிஞர்கள் பலர் அப்பணியைப் பல அரசர்களின் காலங்களில் நீண்ட ஒன்றாகவே கருதுகிறார்கள்.

பாரங்களை உயரே ஏற்றியது எப்படி என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் போஜ்பூர் பதில் சொல்கிறது. பரமார மன்னன் போஜன் 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிவுறாமல் போன சிவன் கோயில் அது. கோயிலின் பின்புறம் கற்களை மேலேற்றுவதற்காக எழுப்பிய சாய்தளம் இன்னமும் இருக்கிறது. கல் வெட்டிய இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. சுற்றியுள்ள பாறைகளின் மீது தூண்களுக்கும் கோயிலின் பிற உறுப்புகளுக்குமான வரைபடங்களைக் கோடுகளாகக் கீறி வைத்திருக்கிறார்கள், கற்களில் கல்தச்சர்கள் தங்கள் குறிகளைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு கட்டுமானக் களம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். எனக்கு எந்த மர்மக் கதையையும்விட இதுவே பெரிய வியப்பு.

தஞ்சைக்கு வருகிறேன். உச்சியிலுள்ள சிகரம் ஒற்றைக் கல்லன்று. பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலர் சொல்வதும் பிழை, நண்பகல் கடந்த எந்த வெயிலிலும் அதைப் பார்க்கலாம். இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் கோயில் சிறுத்துப் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கருங்கல் மலையே இல்லாத காவிரிச் சமவெளிக்கு வெளியிலிருந்து கல் கொண்டுவந்து, கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பி, மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு கல்வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்நோக்கி நீட்டிக் குவித்து, உள்ளே கூடாக 13 நிலைகளை ஏற்றி, சுமார் 216 அடி உயரத்தை அடைந்திருக்கிறார்கள். கற்களின் எடையே அவற்றை இடத்தில் இருத்துகிறது. 1010-ஆம் ஆண்டு, இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சியான தூபியில் வைக்கச் செப்புக் குடம் அளித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன், நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற தச்சர்களின் பெயர்களும் அக்கோயிலின் கல்வெட்டில் உள்ளன. தொலைந்த விஞ்ஞானம் என்றும் வேற்றுலகத்தார் என்றும் பேசத் தொடங்கியதும் முதலில் இல்லாமல் போகிறவர்கள் இந்த மூவரும் அவர்களின்கீழ் உழைத்தவர்களும்தான். முன்னோரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு நாம் அவர்கள் கையிலிருந்த உளியைப் பிடுங்குகிறோம்.

மேலும், தொலைந்த விஞ்ஞானம் எனில் அது முழுமையாகத் தோன்றி முழுமையாக மறைந்திருக்க வேண்டும். நாம் காண்பதோ படிப்படியான வளர்ச்சி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி எடுப்பித்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதம் கொள்ளும் மண்டகப்பட்டுக் குகை 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது. தூண்கள் தடித்தவை, வேலைப்பாடு குறைவு. அதிலிருந்து மாமல்லபுரத்து ரதங்கள், காஞ்சி கைலாசநாதர், பட்டடக்கல் விருபாட்சர், எல்லோரா என்று வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதிடம் கற்றுக்கொண்டது தெரியும். விருபாட்சர் கோயிலைக் கட்டிய குண்டன் அனிவாரிதாச்சாரியின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. எல்லோரா கைலாசநாதரின் அமைப்பு அவர் கட்டிய கோயிலை நெருக்கமாக ஒத்தது.

ஹொய்சாளத் தூண்களைப் பொறுத்தவரை காணொளி பாதி உண்மையைச் சொல்கிறது. அவை கடைசலில் சுழற்றிக் கடையப்பட்டவை என்றே அறிஞர்களும் கருதுகிறார்கள். அங்கே பயன்பட்டது மாக்கல் வகை. வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருந்து காற்றுப்படப் படக் கெட்டிப்படுவது. ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களையும் பலர் கேட்கிறார்கள். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அவற்றை ஊறுபடாத முறைகளில் ஆராய்ந்து, தூண்கள் உள்ளீடற்றவை என்ற பேச்சு தவறு என்றும், தட்டும்போது தூண் வளைந்து அதிர்வதாலேயே ஒலி எழுகிறது என்றும் கண்டனர். தட்டிக் கேட்டே கல்லின் தரத்தைத் தேர்ந்த சிற்பிகளுக்கு அந்த ஒலி புதிதாக இருந்திருக்காது.

நூல்கள் இல்லாமலில்லை. மயமதமும் மானசாரமும் காசியபமும் தளவமைப்பையும் உறுப்புகளின் அளவையும் விகிதத்தையும் விரிவாக வகுக்கின்றன. உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, முனை மழுங்கினால் எந்த நிறம் வரும்வரை காய்ச்சித் தோய்ப்பது என்பவை பட்டறையில் கைக்குக் கை மாறிய அறிவு. அது இன்றும் மாமல்லபுரத்துப் பட்டறைகளில் இருக்கிறது. 1957-இல் அங்கே தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாகத் தொடர்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில், முடியும் என்பதே. கன்னியாகுமரியில் கடல்நடுப் பாறைமீது நிற்கும் திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. கணபதி ஸ்தபதி மரபுவழி அளவுகளில் வடிவமைக்க, பட்டறைகளில் செதுக்கிய கற்களைப் படகில் கொண்டுபோய், சாரம் கட்டி அடுக்கி, 2000-ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறந்தார்கள். அதில் உழைத்த சிற்பிகளில் பலர் இன்றும் இருக்கிறார்கள். கல்லைப் பற்றிய ஐயங்களை நீங்கள் அவர்களிடமே கேட்கலாம்.