நோட்டில் இருப்பது கோயிலா, கிணறா?

கேள்வி: ஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது எந்தக் கோயில்?

பதில்: கோயில் இல்லை, கிணறு! குஜராத்தின் பாட்டன் நகரில், கணவர் முதலாம் பீமதேவனின் நினைவாக ராணி உதயமதி 11-ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படும் ராணி கி வாவ். கோயில் என்று நினைத்ததில் தப்பே இல்லை. கோயிலைத் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கியதுபோல 7 தளங்கள், இறங்க இறங்க இருபுறமும் திருமாலின் அவதாரங்கள், கடைசியில் கிணற்றுச் சுவரிலேயே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். மழைக்காலத்தில் நாலு படி இறங்கினால் தண்ணீர், கோடையில் இன்னும் கீழே, அவ்வளவுதான் படிக்கிணற்றின் சூட்சுமம். சரஸ்வதி ஆற்று வெள்ளத்தின் வண்டலில் பல நூற்றாண்டு புதைந்து கிடந்ததால்தான் சிற்பங்கள் இவ்வளவு தப்பித்தன. அப்புறம், அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் திருச்சி பக்கம் திருவெள்ளறை இருக்கிறது: பல்லவர் காலத்து ஸ்வஸ்திகக் கிணறு, நாலு பக்கமும் படி, ஒரு பக்கம் இறங்குபவர் அடுத்த பக்கத்துக்காரர் கண்ணில் படமாட்டார்.