வில்லு நுனியில ஒட்டுன துண்டு தெறிச்சு போச்சா? கொம்பு வாங்க ஓடாதீங்க

வியாசர்பாடியிலேருந்து ஒரு அப்பா கேட்டிருக்காரு. பொண்ணு இந்தியன் ரவுண்டுக்காக (மூங்கில், மர வில்லு வெச்சு ஆடுற நம்ம நாட்டு வில்வித்தை போட்டிப் பிரிவு) மூங்கில் வில்லுல ப்ராக்டிஸ் பண்ணுது, அவரோட மச்சான் கையால செஞ்சு குடுத்த வில்லு. ரெண்டு நுனியிலயும் அழகுக்கு கருப்பு மரத்துண்டு ஒட்டி, அதுல நாண் உக்கார பள்ளம் எடுத்திருக்காரு. கொஞ்ச நாள்லயே மேல் நுனி துண்டு தெறிச்சு போச்சு. இப்ப ஒருத்தர் "மான் கொம்பு போட்டா ஜென்மத்துக்கும் கழண்டு வராது, நான் வாங்கித் தரேன்"னு அட்வான்ஸ் கேக்குறாராம். வாங்கலாமா, இல்ல வேற பசை போட்டா நிக்குமான்னு கேக்குறாரு. நுனியில மூங்கில் தோல சீவவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நிஜமான்னும் ஒரு சந்தேகம்.

அண்ணா, மொதல்ல அந்த ஆள் நம்பர ப்ளாக் பண்ணுங்க. மான் கொம்பு வாங்குறதும் குற்றம், விக்கிறதும் குற்றம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது. "காட்டுல தானா உதிர்ந்தது சார்"னு சொல்லுவாங்க, உதிர்ந்ததா இருந்தாலும் அதே கதைதான். மாட்டுனா அவன் கம்பி நீட்டிடுவான், பிள்ளையோட வில்லுல ஒட்டியிருக்கறதால நீங்கதான் பதில் சொல்லணும். கொம்புதான் வேணும்னா வீட்டு எருமைக் கொம்பு போதும், அதுக்கு தடை கிடையாது. அதுலயும் பிளாஸ்டிக்க தலைல கட்டுறவன் இருக்கான். ஊசிய நல்லா சூடு பண்ணி ஓரத்துல வெச்சுப் பாருங்க, நெஜ கொம்பு முடி கருகுற நாத்தம் அடிக்கும்.

ஆனா உங்களுக்கு கொம்பே தேவையில்ல. நீங்க அனுப்பின போட்டோல தெறிச்ச துண்டோட அடிப்பக்கத்த பெருசு பண்ணிப் பாத்தேன். பசை முழுசா பளபளன்னு துண்டுலயே இருக்கு, அதுல ஒரு மூங்கில் நாரு கூட ஒட்டல. அப்படின்னா பசை மூங்கில பிடிக்கவே இல்லன்னு அர்த்தம். மூங்கிலோட வெளித்தோல்ல மெழுகும் சிலிக்காவும் இருக்கு, அது மேல எந்தப் பசையும் ஒழுங்கா கடிக்காது, அதுவும் தோலு வளைவா இருக்கு துண்டு தட்டையா இருக்கு, நடுவுல ஒரு கோடு மாதிரி மட்டும்தான் தொட்டுக்கிட்டு இருந்திருக்கும். இதுக்கு மேல தங்கத்தையே ஒட்டினாலும் நிக்காது.

தோல தொடாதேன்னு சொல்றவங்க தப்பா சொல்லல, இத கொஞ்சம் பொறுமையா கேளுங்க. வில்லோட முதுகு, அதாவது டார்கெட்ட பாக்குற பக்கம், இழுக்கும்போது அந்தப் பக்கம்தான் இழுபடுது. அந்த பாரத்த தாங்குறது தோலும் அதுக்கு அடியில நெருக்கமா இருக்கற நாரும்தான், அத வெட்டினா அந்த எடத்துலதான் சிலாம்பு கெளம்பும், வில்லு ஒடையும். ஆனா கடைசி ஒன்றரை, ரெண்டு இன்ச் வளையறதே இல்ல. வளையாத எடத்துல சீவுனா ஒண்ணும் ஆகாது. அதனால அங்க மட்டும் சீவலாம், சீவியே ஆகணும். எங்க வளைய ஆரம்பிக்குதுன்னு தெரியலன்னா துண்டு தெறிக்கறதுக்கு முன்னாடி பொண்ணு வில்ல இழுத்து நிக்கறப்ப பக்கவாட்டுல எடுத்த போட்டோ இருந்தா, அதுல நுனி பக்கத்துல ஒரு சின்ன ஸ்கேல ஒட்டி வெச்சுப் பாருங்க, எங்க ஸ்கேலுக்கும் மூங்கிலுக்கும் நடுவுல எடைவெளி தெரியுதோ வில்லுல அந்த எடத்துல பென்சில்ல கோடு போடுங்க, போட்டோ இல்லன்னா ஒன்றரை இன்ச்லயே கோட்ட போட்டுடுங்க. கோட்டுக்கு நுனிப் பக்கம் மட்டும் அரத்தால தட்டை பண்ணுங்க, கோடு கிட்ட வரும்போது படி மாதிரி வெட்டாம சரிவா முடிங்க. கோட்டத் தாண்டி அரம் ஒரு தடவ வழுக்கினாலும் அந்தக் கீறல்தான் நாளைக்கு பிரச்சனை, அதனால கோட்டுக்கு அந்தப்பக்கம் நாலஞ்சு சுத்து மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு வேலைய ஆரம்பிங்க.

தட்டை பண்ண நுனியையும் புதுசா ஒட்டப்போற துண்டையும் சேத்து வெச்சு ட்யூப் லைட்டுக்கு எதிரா பிடிங்க, வெளிச்சம் வந்தா இன்னும் தேய்க்கணும். அப்புறம் ரெண்டு பக்கமும் 80 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பு பண்ணுங்க.

எந்த துண்டு? கருங்காலின்னு கேட்டு போகாதீங்க, மாலை மோகம் வந்ததுலேருந்து கண்ட மரத்துக்கும் கருப்பு சாயம் அடிச்சு கருங்காலி வெலைக்கு விக்குறாங்க. தண்ணியில போட்டு முங்குது பாருன்னு காட்டுவாங்க, அதெல்லாம் நம்பாதீங்க, பிளாஸ்டிக் கூடத்தான் முங்கும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு தேச்சுப் பாருங்க, சாயம்னா பெரும்பாலும் பஞ்சு கருக்கும். என்னைக் கேட்டா மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போய் துணி போட்ட ஹைலம் ஷீட் (துணிய பிசின்ல தோச்சு அழுத்துன கெட்டித் தகடு), 3 மில்லிமீட்டர் வெட்டுத்துண்டு கேளுங்க. பிரவுன் கலரு, எண்ணெய் பசை இல்ல, லேசுல பிளக்காது. அறுக்கும்போது மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டிசைன் வேணும்னா அதுக்கு அடியில மெல்லிசா வெள்ளை மரத் தகடு ஒண்ண சேத்து ஒட்டி, மேல சரிவா அரம் போட்டா ஓரத்துல வெள்ளைக் கோடு வளைஞ்சு வளைஞ்சு வரும், பாக்கவே ஆசையா இருக்கும்.

ஃபெவிக்விக் வேணாம், அம்பு விடுற ஒவ்வொரு தடவையும் வர்ற அதிர்ச்சிக்கு அது விறைப்பா நொறுங்கிடும். மெதுவா காயுற அரால்டைட், ரெண்டு ட்யூப்லயும் சம அளவு. ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல தொடைங்க, நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல எண்ணெயும் சென்ட்டும் கலந்திருக்கும். சைக்கிள் ட்யூப்ப நீளமா வெட்டி சுத்துங்க, ரொம்ப இறுக்கிப் பிழிஞ்சா பசை பூரா வெளிய வந்துடும். 24 மணி நேரம் தொடாதீங்க, மழை நாள்னா இன்னொரு நாள் விடுங்க.

காஞ்சதும் துண்டுல, வில்லோட கைப்பிடிய பாத்து இருக்கற வால் பகுதிய காயித கனத்துக்கு சீவி எறக்குங்க, தடியா விட்டா அந்த வால்லதான் மொதல்ல கெளம்பும். நுனிய எவ்ளோ சின்னதா வெக்க முடியுமோ அவ்ளோ சின்னதா வைங்க, நுனி கனத்தா அம்பு வேகம் கொறையும். நாண் பள்ளத்த 4 மில்லிமீட்டர் உருண்டை அரத்துல எடுங்க. முதுகுப் பக்கம் ஒட்டுன துண்டுக்குள்ளயே பள்ளம் முடியணும், மூங்கில தொடவே கூடாது. அங்கேருந்து ரெண்டு பக்கமும் பிடிய நோக்கி சாஞ்சு எறங்கணும். விளிம்பெல்லாம் நைஸ் உப்புத்தாள்ல உருட்டுங்க, கூர்மையா விட்டா நாண அறுக்கும். வால் முடியுற எடத்துல காசிமேடு வலைக்கடை நைலான் நூலை நெருக்கமா சுத்தி விட்டா கூடுதல் பிடிப்பு.

கீழ் நுனி துண்டு இன்னும் இருக்குன்னு சொன்னீங்க. அதுவும் அதே தோலு மேல ஒட்டுனதுதான், நாண் பாரத்தோட தெறிச்சா கண்ணுக்கு வரும். இன்னைக்கே எடுத்துட்டு அதையும் புதுசா பண்ணுங்க. அது வரைக்கும் பொண்ண வில்ல தொட விடாதீங்க.

போட்டிக்கு இந்த துண்டு போட்ட வில்லு செல்லுமான்னு கேக்க மறந்துட்டீங்க, அத நானே சொல்லிடறேன். ஒரு எடத்துல விடறாங்க, இன்னொரு எடத்துல மூங்கில் தவிர எதுவும் இருக்கக் கூடாதுன்னு கடைசி நிமிஷத்துல பிள்ளைய ஓரமா நிக்க வெக்கிறாங்க, முன்கூட்டியே எழுத்துல குடுங்கன்னா ஆளாளுக்கு கைய காட்டுறாங்க. மாசக்கணக்கா வெயில்ல நின்னு பழகுன பிள்ளைக்கு இது அநியாயம். கோச்ச விட்டு மீட் நடத்துறவங்களுக்கு போட்டோவோட வாட்ஸ்அப்ல கேக்கச் சொல்லுங்க, பதில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மச்சான் கிட்ட சொல்லி ஒட்டு இல்லாத சாதா மூங்கில் வில்லு ஒண்ணும் செஞ்சு வாங்கி வைங்க, பொண்ணு ரெண்டுலயும் பழகட்டும்.