ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைக்கு உடம்போடு ஒட்டிய லியோடார்டு கட்டாயமா?

நாகர்கோவிலில் மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்த ஒரு அம்மா, லியோடார்டு என்கிற, கால் தெரியும் ஒற்றைத் துண்டு உடைக்குப் பதில் தொளதொள டீ-சர்ட்டே போதாதா என்று கேட்டிருக்கிறார். போதாது அக்கா. தலைகீழாக நின்றால் சட்டை முகத்தில் விழும், கம்பியில் சுழலும்போது கை துணியில் சிக்கும். அதைவிட முக்கியம், முதுகும் இடுப்பும் எப்படி நிற்கின்றன என்று பயிற்சியாளர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். தொளதொள துணி அதை மறைத்துவிடும். நடன வகுப்பிலும் இதே காரணம்தான்.

லியோடார்டுக்குப் பெயர் தந்தவர் ஓர் ஆண்: 1859இல் பாரிஸ் சர்க்கஸில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிய ஜூல் லியோடார்.

கால் தெரிவதுதான் தயக்கம் என்றால், கணுக்கால் வரை மூடியதும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிப் பெண்கள் அதைத்தான் அணிந்தார்கள். விதியும் அனுமதிக்கிறது.

வடசேரியில் துணி எடுத்துத் தைப்பதானால், எல்லாப் பக்கமும் இழுபடும் நைலான்-ஸ்பான்டெக்ஸ் துணியாகப் பாருங்கள். ஜிக்ஜாக் தையல் போடச் சொல்லுங்கள், நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும். அப்புறம், நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டே, ஈரத்தோடு பையில் சுருட்டி வைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் பட்டால் இழுவையே போய்விடும்.