காலையே எடுத்த பிறகும் ரத்தம் கட்டுமா?

கேள்வி: நீரிழிவுப் புண் ஆறாததால் என் அப்பாவுக்கு (71) இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி தந்திருக்கிறார்கள். “காலே போயாச்சு, இனி எங்கே கட்டப் போகுது?” என்று மறுக்கிறார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரே, அது போதாதா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: போதாது. ஆஸ்பிரின் முக்கியமாகத் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) அடைப்புக்கானது. சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயில்) கட்டும் ரத்தத்துக்கு இந்த ஊசிக்கு ஈடாகாது.

கெண்டைத் தசை சுருங்கும்போதுதான் கால் ரத்தம் மேலே ஏறும். வெட்டிய பக்கத்தில் அந்தத் தசை வேலை செய்வதில்லை, சிரைகளையும் முடிச்சிட்டிருப்பார்கள். ரத்தம் தேங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையவும் செய்யும். அப்பா படுத்தே இருந்தால் வலது காலிலும் கட்டலாம்.

இனாக்சபரின் ஊசி என்றால் வழக்கமான அளவு நாளுக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் குறைப்பார்கள், ஆகவே இன்னொருவரின் அளவோடு ஒப்பிட வேண்டாம். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் போடுங்கள். தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்தி, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடாதீர்கள். முழு ஊசியையும் போடுவதானால் உள்ளே தெரியும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் மருந்தும் சிந்தும். பிறகு தேய்த்தால் தோல் கன்றிப்போகும். ஆஸ்பிரினும் சேர்வதால் கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம் என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்டிய காலில் சுற்றும் கட்டுத்துணி நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் தொடையைக் கயிற்றால் கட்டியதுபோல் ஆகிவிடும். பணிப்பெண் கட்டுவதானால் அருகிருந்து காட்டிக்கொடுங்கள்.

நல்ல காலுக்கென்று மருந்துக் கடையில் இறுக்கமான காலுறை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். தமனி அடைத்திருக்கும் நீரிழிவுக் காலில் அது புண்ணை உண்டாக்கி அந்தக் காலையும் பறித்துவிடலாம். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

இல்லாத பாதத்தில் வலிப்பதாக அப்பா சொன்னால் அது பெரும்பாலும் நரம்பு வலி. தொடையோ கெண்டையோ திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ஸ்கேனில் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்சி தேடாமல் 995ஐ (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.